முதல் நிலை

ஆகஸ்ட் கடைசி வாரம். ஏ.சி. ஓடாத மொழிக்கூடம்.
ஐம்பத்தொரு பேருக்குப் போர்ச்சுகீசியம் எவ்வளவு தெரியும் என்று
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் நான் சொல்லியாக வேண்டும்.
ஒன்றிலிருந்து நான்கு வரை ஓர் எண்.
அந்த எண்ணுக்கு ஒரு வகுப்பு.

முப்பத்தேழாவதாக வந்தான் டெரெக் ரபோஸோ,
நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்துப் பையன்.
மீன்வாடையைச் சோப்பு முழுதாக வெல்லவில்லை.
எழுத்துத் தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று.
தாளைப் பார்த்தேன்.
மறுபடி பார்த்தேன்.

ஒன்றுமே தெரியாதவன் கண்ணை மூடிக் குறித்தாலும்
நாலுக்கு ஒன்று சரியாக விழும்.
இவனுக்கு அதுகூட விழவில்லை.
மிகக் கடினமான இரண்டு கேள்வியில் மட்டும்
கை தன்னை மறந்து சரியைத் தொட்டிருக்கிறது.
இவ்வளவு சுத்தமாகத் தப்புச் செய்ய
எல்லா விடையும் தெரிந்திருக்க வேண்டும்.

படம் காட்டினேன். மேசை: யோசித்தான்.
நாய்: நெற்றியைச் சொறிந்தான்.
திராட்சை:
சட்டென்று சொல்லிவிட்டான்,
நாக்கு 'ஈ'யில் நிற்க, உதடு மட்டும் 'ஊ'வுக்குக் குவியும்
அந்த ஒலியில்.
லிஸ்பனில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.
அட்லாண்டிக் நடுவே ஒரு தீவில் சொல்வார்கள்.
உடனே இருமினான்.
பாடநூல் 'ஊ'வோடு இன்னொரு முறை சொன்னான்.

நேற்று என்ன செய்தாய்?
"நான் நேற்று சாப்பிடு."
நாளை?
"நான் நாளை சாப்பிடு."
பசியில் குறையில்லை என்று குறித்துக்கொண்டேன்.

மதிப்பீட்டு விதிகள் அறுபது பக்கம்.
தெரிந்த மாதிரி நடிப்பவனைப் பிடிக்க ஒன்பது வழி இருக்கிறது.
தெரியாத மாதிரி நடிப்பவனுக்கு
ஒரு வரி கிடையாது.

நேரம் முடிந்தது. கோப்பை மூடினேன்.
கதவருகே போனவனிடம் பேச்சோடு பேச்சாக,
போர்ச்சுகீசியத்திலேயே,
செவ்வாய்க்கிழமை பார்ப்போம் என்றேன்.

"கடவுள் நினைத்தால்" என்றான்.

இன்னும் நடக்காததை, நடந்தாலும் நடக்கலாம் என்பதை
ஒரு வினையின் வாலில் முடிந்துவைக்கும் வடிவம் அது.
நான்காம் பருவத்தின் கடைசிப் பாடம்.
அதைப் படித்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.
அவன் வீட்டில் அது
படகுக்குக் கிளம்புகிறவர் கதவைச் சாத்தும் சத்தம்.

கைப்பிடியில் அவன் கை நின்றது.
கழுத்து சிவந்தது.
இனி ஆங்கிலம்தான்:
மிஸ், ஸ்காலர்ஷிப்புக்கு மூணு புள்ளி ரெண்டு வேணும்.
வாரத்துல நாலு ராத்திரி மீன் வெட்டுற ஷெட்.
ஒரே ஒரு வகுப்புலயாவது
ஒண்ணும் படிக்காம உட்காரணும்.

நியாயமான ஆசை. எனக்கும் உண்டு.
ஆனால் ஒன்று என்று எழுதினால்,
'காலை வணக்கம்' என்பதை முதன்முதலாக வாயில் போட்டு
ருசி பார்க்கப்போகிற எவளோ ஒருத்தி
பக்கத்து நாற்காலியில் இவன் கொட்டாவியைக் கேட்டே
ஊமையாகிவிடுவாள்.
நான்கு என்று எழுதினேன்.
அந்த நான்கு கொஞ்சம் கோணலாக வந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் வரவில்லை.
ஜெர்மன், முதல் நிலை என்றது பதிவேடு.
அங்கே அவனுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது.
படித்தாக வேண்டும், பாவம்.

அக்டோபரில், நகல் எந்திரத்தருகே
ஜெர்மன்காரி வீப்கே பிடித்துக்கொண்டாள்:
"ஒரு பையன். முதல் வரிசையிலேயே தூங்குகிறான்.
எழுப்பிக் கேட்டால் இலக்கணம் பூஜ்யம்.
ஆனால் எங்கள் 'ஊ' இருக்கிறதே,
தலையில் ரெண்டு புள்ளி வைத்தது,
மற்றவர்களுக்கு வருஷம் ஒன்று ஆகும்.
இவனுக்கு முதல் நாளே வந்துவிட்டது.
எங்கிருந்துதான் வந்ததோ!"

எந்திரத்தில் காகிதம் சிக்கிக்கொண்டது.
நான் குனிந்து
கீழ்த் தட்டைத் திறந்தேன்.